புரட்டாசியில் பிரிக்கிற ஃபைல்

அசைவக் கடை நடத்துகிறவர்களுக்குப் புரட்டாசி பிடிக்காது. சனிக்கிழமைதோறும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில் வாசலில் வரிசை நீளும். பக்கத்துச் சந்தில் இருக்கும் எங்கள் கடையில் வாழை இலைக் கட்டு பிரிக்காமல் கிடக்கும். வாரம் நான்கு நாள் வருகிற ஆட்கள்கூடக் கண்ணாடி வழியாகக் கையை மட்டும் காட்டிவிட்டுச் சைவக் கடைப் பக்கம் நடப்பார்கள். நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம் என்று எழுத வந்தேன். சாப்பாட்டுக் கடைக்காரி எழுதக் கூடாத வார்த்தை அது.

இப்போது எனக்கு அதைப் போல உதவுகிற மாதம் வேறில்லை. ஆண்டுக் கடைசியில் வந்து நிற்கும் காகித வேலைகளில் முக்கால்வாசியை அந்த முப்பது நாளில்தான் முடிக்கிறேன். யோசித்துக் கண்டுபிடித்த வழி என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு முறை நன்றாக அடி வாங்கிய பிறகு வந்த புத்தி.

கடை பெரியது கிடையாது. பன்னிரண்டு மேசை. மதியம் இலைச் சாப்பாடு, மீன் தலைக் கறி, மட்டன் சுக்கா, மாலையில் பரோட்டா, அதோடு கைப்பேசிச் செயலி வழியாக வீட்டுக்குப் போகும் பொட்டலங்கள். என்னையும் என் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு வேலைக்கு ஒன்பது பேர். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் பிடிக்கிற கூட்டம் கிறிஸ்மஸ், புத்தாண்டு என்று தொடர்ந்து பொங்கல் முடிந்துதான் ஓயும். எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டுமோ, அதற்கான கெடுவும் சொல்லிவைத்தாற்போல அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வந்து விழும்.

முதல் அடி 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. காலை பத்தரை மணிக்குப் பக்கத்துக் கடை அண்ணன் வந்து, “உணவு அமைப்பிலேருந்து ஆள் வந்திருக்காங்க போல, நம்ம வரிசைதானாம்” என்றார். உணவுக் கடைகளைச் சோதிக்கிற அரசு அமைப்பு அது. கல்லாவுக்கு அடியிலிருந்து ஃபைலை எடுத்தேன். ஆறு மாதமாகப் பிரிக்காத ஃபைல். உரிமம் இருந்தது, பூச்சி மருந்து அடித்த தாள்கள் இருந்தன. ஒவ்வொருவருடைய உணவுப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். பரோட்டா மாஸ்டருடையதில் தேதி: 2018 நவம்பர்.

இந்த வகுப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் உணவைக் கையாளுகிற எல்லாரும் முதல் நிலை உணவுப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். தேறியதிலிருந்து ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு புதுப்பிப்பு வகுப்பு. அதற்கப்புறம் பத்து ஆண்டுக்கு ஒன்று. மாஸ்டர் எங்களிடம் சேர்ந்தபோது சான்றிதழை வாங்கினேன், நகல் எடுத்தேன், ஃபைலில் போட்டேன். அதில் இருந்த தேதிக்கு ஐந்தைக் கூட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. முந்தைய கடையில் இருந்தபோது எழுதிய தேர்வு என்பதால், எங்களிடம் சேர்ந்த நாளிலிருந்தே என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு யாரும் சோதனைக்கு வரவில்லை. வந்ததாகச் சொல்லப்பட்டவர் பக்கத்து வரிசையில் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் என்று மாலையில்தான் தெரிந்தது. ஆனால் தேதியைப் பார்த்துவிட்டேனே. பார்த்த பிறகு அவரைக் கல்லுக்கு முன்னால் நிறுத்த மனசு வரவில்லை. தமிழ் வகுப்பு எங்கே என்று நான்கு பயிற்சி நிலையங்களுக்குப் போன் போட்டேன். எல்லாம் ஜனவரி. டிசம்பரில் எல்லாக் கடைக்காரர்களும் என்னைப் போலவே ஃபைலைப் பிரித்திருக்கிறார்கள். கடைசியில் மாஸ்டரே, “அக்கா, மலாய்ல இருந்தா பாருங்க” என்றார். ஜோகூரில் பிறந்து வளர்ந்தவர், தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மலாய் வகுப்பில் 27ஆம் தேதி ஓர் இடம் கிடைத்தது.

நடுவில் பத்தொன்பது நாள். அவரைச் சும்மா வீட்டில் உட்கார வைத்தால் சம்பளம் நஷ்டம், அவருக்கும் முகம் வாடும். கல்லாவில் உட்கார வைத்தேன். பரோட்டா அடிக்கிற கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் டிஷ்யூ தாளை எடுத்து மடிப்பார், விசிறி மாதிரி பிரிப்பார், சுற்றி உருட்டி, உள்ளங்கையால் மேசையில் அழுத்துவார். மாலையானால் அவர் முன்னால் சின்னச் சின்ன டிஷ்யூ பரோட்டாக்கள் வரிசையாக இருக்கும். அவருக்குத் தலைக்கு மேலே ‘இன்று பரோட்டா இல்லை’ என்ற பலகை. கிறிஸ்மஸ் வாரத்தில் பரோட்டா இல்லாத பரோட்டாக் கடையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் நடத்தியிருக்கிறேன்.

அந்த வாரங்களில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது அடி அங்கேதான் கிளம்பியது. விழுந்தது என்னவோ ஆறு மாதம் கழித்துத்தான்.

எங்கள் நிறுவனத்தின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. 2024 ஜூனில் கணக்குப் பார்க்கும் தம்பி போன் செய்தார். “அக்கா, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் தனியாக் கூட்டிப் பாத்தீங்களா?” எதற்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கணக்குக்காரர் பேசாமல் இருந்தால் நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது நல்லது.

விஷயம் இதுதான். வரி போடத்தக்க விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியை, அதாவது பத்து லட்சம் சிங்கப்பூர் டாலரை, தாண்டினால் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பின்னோக்கிப் பார்க்கிற அந்தக் கணக்கு நம் கம்பெனியின் கணக்கு ஆண்டுக்கு இல்லை. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான காலண்டர் ஆண்டுக்கு. டிசம்பர் 31 இரவு கடையைச் சாத்தும்போது அந்த ஆண்டின் மொத்தம் மில்லியனைத் தாண்டியிருந்தால், ஜனவரி 30க்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் வரி வசூலிக்க வேண்டும். மார்ச்சுக்கு மார்ச் கூட்டிப் பார்த்த எனக்கு எல்லாம் பத்திரமாகத் தெரிந்தது.

இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. அதுதான் என்னைப் போன்ற பல கடைக்காரர்களும் செய்கிற தவறு என்று நினைக்கிறேன். வங்கியில் விழுகிற பணத்தைத்தான் நான் விற்பனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். செயலி வழியாக நூறு வெள்ளிக்குப் பிரியாணி போனால் அந்த நிறுவனம் தன் கழிவை, அதாவது கமிஷனை, பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்பும். எனக்கு வந்தது எழுபது. என் கணக்கில் விற்பனை எழுபது. வரி ஆணையத்துக்கு விற்பனை நூறு. சாப்பிட்டவர் கொடுத்த விலைதான் விற்பனை. கழிவு என்பது என் செலவு. 2023இல் வங்கிப் புத்தகத்தைக் கூட்டினால் 960,000 வெள்ளி வந்தது. கழிவைத் திரும்பச் சேர்த்தபோது 1,040,000.

ஜனவரியில் பதிந்திருந்தால் மார்ச்சில் விலையை மாற்றி எழுதியிருப்பேன், அவ்வளவுதான். தாமதமாகப் பதிந்தால் என்ன ஆகும் என்றால், பதிவுத் தேதியை, பதிந்திருக்க வேண்டிய பழைய தேதிக்கே கொண்டுபோய் வைப்பார்கள். மார்ச் 1இலிருந்து நாம் விற்ற ஒவ்வொரு இலைச் சாப்பாட்டுக்கும் 9 விழுக்காடு வரி கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஒரு காசு வாங்கியிருக்காவிட்டாலும். சாப்பிட்டுவிட்டுப் போனவரை ஓடிப்போய்ப் பிடித்து ‘ஒரு வெள்ளி கொடுங்கள்’ என்று கேட்க முடியுமா? என் கையிலிருந்து போனது இருபதாயிரம் வெள்ளிக்கு மேல். தாமதப் பதிவுக்கு 10,000 வெள்ளி வரை அபராதமும், கட்ட வேண்டிய வரியில் 10 விழுக்காடு தண்டமும் போட சட்டத்தில் இடம் உண்டு. அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நாமாகப் போய்ச் சொன்னால் தண்டத்தைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று தம்பி சொன்னார். அந்த வாரமே சொன்னோம். தயவுசெய்து இதில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள்.

வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எண்ணெய், அரிசி, கேஸ் எல்லாவற்றுக்கும் வரி ரசீது இருந்தது. ஆனால் எங்களுடைய பெரிய செலவு தேக்கா சந்தையில். நாங்கள் வாங்கும் ஆட்டிறைச்சிக் கடையும் மீன் கடையும் ஜிஎஸ்டிக்குப் பதியாதவை; அவர்களிடம் கழிக்க வரியே இல்லை. இருந்த ரசீதுகளிலும் பாதி வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சடிக்கிற ரசீதுத் தாளை அடுப்படிச் சுவரில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் மூன்று மாதத்தில் எழுத்து பறந்துவிடும். வரிக் கணக்குத் தாள்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து சரக்கு இறங்கியதும் ரசீதைக் கைப்பேசியில் படம் பிடித்த பிறகுதான் பணம் கொடுப்பது. வீட்டுக்காரர் இதைக் கிண்டல் செய்வார், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி இருக்கிறதாம்.

கணக்கு ஆண்டையே டிசம்பருக்கு மாற்றிவிடலாம், எல்லாம் ஒரே தேதியில் முடியும் என்று தம்பி யோசனை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பர் 31 இரவு, மேசைக்கு ஆள் நிற்கும்போது குளிர்ப்பெட்டிக்குள் போய் மீனை எண்ணிக்கொண்டிருக்க என்னால் முடியாது. மார்ச் மார்ச்சாகவே இருக்கட்டும். பதிலுக்கு ஒரு நீள நோட்டு வாங்கி, மாதம் ஒரு வரி என்று எழுதிவருகிறேன்: மேசை விற்பனை, பொட்டல விற்பனை, செயலி விற்பனை கழிவுக்கு முன்னால். முப்பது நாளுக்கு ஒருமுறை கால் மணி நேர வேலை. இன்னும் ஜிஎஸ்டிக்குப் பதியாத சின்னக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இந்த ஒரு நோட்டைத்தான். புரட்டாசியில் அதைக் கூட்டினால் ஒன்பது மாதத்துக் கணக்கு தெரியும். ஏழரை லட்சத்தைத் தொட்டிருந்தால், தீபாவளி வியாபாரத்தோடு மில்லியன் உறுதி. மூன்று மாதம் முன்னாலேயே தெரிந்துவிட்டால் விலைப்பலகைக்குச் சொல்லலாம், கல்லா இயந்திரத்தை மாற்றச் சொல்லலாம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் கண்டிப்பாகத் தாண்டும் என்று கையில் ஒப்பந்தம் மாதிரி ஏதாவது இருந்தால் டிசம்பர் வரை காத்திருக்கவும் கூடாது. அதற்குத் தனி விதி இருக்கிறது.

விலைப்பலகை என்றதும் நினைவு வருகிறது. சேவைக் கட்டணம் வாங்காத கடை என்றால், பலகையில் எழுதுகிற விலை வரியையும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும். 12 வெள்ளிச் சாப்பாட்டை 13.10 என்று எழுதுவதா, 13 என்று எழுதி நாம் தாங்கிக்கொள்வதா என்று வீட்டில் இரண்டு இரவு சண்டை. 13 என்றே எழுதினோம். பத்துக் காசுச் சில்லறைக்கு நிற்கிற வரிசையை நினைத்துப் பார்த்தேன்.

ஆக, 2024 புரட்டாசியில்தான் முதன்முறையாக ஃபைலை மேசையில் கொட்டினேன். அது நிஜமாகவே மேசை. ஆறாம் எண் மேசை, மின்விசிறிக்கு நேர் கீழே, அந்த மாதம் யாரும் உட்காராதது.

முதலில் எடுத்தது சான்றிதழ்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் பெரிதாக அடுத்த தேதியை எழுதினேன். தேறிய தேதி யாருக்கு வேண்டும்? கடைக்காரருக்கு வேண்டியது முடிகிற தேதி. ஒன்பது தாள், இருபது நிமிஷம். டிசம்பர் 2023இல் என்னைப் பத்தொன்பது நாள் அழ வைத்த வேலை இவ்வளவுதான்.

அப்புறம் குளிர்ப்பெட்டி வெப்பநிலை எழுதுகிற தாள். இதில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மாதத்துக்கு, காலை மாலை இரண்டு வேளையும், கட்டம் கட்டமாக 4, 4, 4, 4. ஒரே நீல மசி, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஆகஸ்ட் 14ஆம் தேதிக் கட்டத்திலும் 4. ஆகஸ்ட் 14 அன்று அந்தக் குளிர்ப்பெட்டி ரிப்பேர். உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டிருந்தோம்! மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் நிரப்பியிருக்கிறார்கள். பையனைத் திட்டுவதற்கு முன் யோசித்தேன். தாளை நான் தொங்கவிட்டிருந்தது கல்லாவுக்குப் பின்னால். வெப்பமானி இருப்பது குளிர்ப்பெட்டிக்குள். நடுவில் அடுப்படி. இரண்டு அண்டாவைச் சுமந்துகொண்டு வருகிறவன் எப்படி எழுதுவான்? தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவிலேயே ஒட்டி, பேனாவைக் கயிறு போட்டுக் கட்டினேன். இப்போது 3 வருகிறது, 5 வருகிறது, சில நாள் எண்ணெய்க் கறையும் வருகிறது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி வரை இருக்கிற இடைவெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்று எல்லாரும் வகுப்பில் படித்ததுதான். மூன்று மணிக்கு மிச்சமான குழம்பு எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று கேட்டால் பதில் சொல்ல அந்த அழுக்குத் தாள்தான் இருக்கிறது. அழகான தாளைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம்.

கழிவுக் கொழுப்புத் தொட்டி, புகைபோக்கிக் குழாய், பூச்சிக் கட்டுப்பாடு: இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றுக்கும் அந்தந்த வேலைக்கு உரிய ஆட்களை வைத்துத்தான் செய்ய வேண்டும், ரசீதை வைத்திருக்க வேண்டும். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: டிசம்பரில் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். எங்கள் புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறவர் கடை சாத்திய பிறகு இரவு பன்னிரண்டுக்குத்தான் வர முடியும், ஒரு இரவுக்கு ஒரு கடைதான் முடியும். புரட்டாசியில் கூப்பிட்டால் நாம் சொன்ன நாளில் வருவார். பழைய கடைவீட்டில் எலி பின்சந்து வழியாக வரும் என்பதால் பின்கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் அதே நேரத்தில் பாருங்கள். ஒரு பென்சில் நுழைந்தால் எலிக்குஞ்சும் நுழையும் என்று மருந்து அடிக்க வருகிற அண்ணன் சொல்வார்.

பானங்கள் விஷயத்தை நான் கிட்டத்தட்டக் கோட்டைவிட்டேன். 2023 டிசம்பர் 30 முதல், கடையில் உடனுக்குடன் தயாரிக்கிற பானங்களுக்கும் நியூட்ரி-கிரேடு குறியீடு வந்தது. சர்க்கரையும் கொழுப்பும் கூடுதலாக இருந்து ‘சி’, ‘டி’ என்று வருகிற பானங்களுக்கு விலைப்பட்டியலில் அந்த எழுத்தைப் போட வேண்டும். நூறு மில்லிலிட்டரில் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் ‘டி’. சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தேன். அந்த விலக்கு எதோடு கட்டப்பட்டிருக்கிறது தெரியுமா? ஆண்டு வருமானம் ஒரு மில்லியனைத் தாண்டக் கூடாது. ஒரு கோட்டைத் தாண்டியதில் இரண்டு வேலி! எங்கள் மாம்பழ லஸ்ஸியை அளந்து பார்த்தோம், கூச்சமே இல்லாமல் ‘டி’. சர்க்கரையைக் குறைத்து ‘சி’க்குக் கொண்டுவந்தோம். யாரும் குறை சொல்லவில்லை. ஒரு பாட்டி மட்டும், “மாம்பழம் புளிக்குதே” என்றார்.

அந்த டிசம்பரில் ஒரு அலுவலகத்திலிருந்து நூற்றைம்பது பேருக்கு பஃபே கேட்டார்கள். நல்ல பணம். வெளியிடத்துக்குப் போய்ப் பந்தி வைப்பது கேட்டரிங் உரிமத்துக்குள் வருகிற வேலை. எங்களிடம் அது இல்லை. ‘ஒரு நாள்தானே’ என்று வீட்டுக்காரர் இழுத்தார். விதி மீறினால் உணவு அமைப்பு குறைப்புப் புள்ளி போடும்; பன்னிரண்டு மாதத்துக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் கடையை இரண்டு வாரமோ நான்கு வாரமோ மூட வைக்கலாம், உரிமத்தையே எடுக்கவும் செய்யலாம். வாழை இலைக் கடையை நான்கு வாரம் மூடினால் திரும்பத் திறக்கும்போது வாடிக்கையாளர் வேறு கடையில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிற ஆளாகியிருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான்.

புரட்டாசி ஃபைல் எனக்கு உண்மையிலேயே சோறு போட்டது 2025இல். எங்கள் ஒன்பது பேரில் ஆறு பேர் உள்ளூர்க்காரர்கள், மூன்று பேர் ஜோகூர்க்காரர்கள், ஒர்க் பர்மிட் என்கிற வேலை அனுமதியில். சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் பங்கு மொத்த ஆள்கணக்கில் 35 விழுக்காடு வரைதான். ஒன்பதில் 35 விழுக்காடு என்றால் மூன்று பேருக்குக் கொஞ்சம் மேலே. நிம்மதி. ஆனால் ஆகஸ்டில் கல்லாவில் இருக்கும் ஆன்டி, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வாரம் நான்கு நாள் போதும் என்று கேட்டார். சரி என்றேன். சம்பளம் குறைந்து 1,350 வெள்ளி ஆனது. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. 2025இல் உள்ளூர்க்காரர் ஒருவர் முழு ஆளாக எண்ணப்பட வேண்டும் என்றால் மாதம் 1,600 வெள்ளியாவது வாங்க வேண்டியிருந்தது. 800க்கு மேல் 1,600க்குள் என்றால் அரை ஆள். ஆன்டி அரை ஆளானதும் மொத்தம் எட்டரை ஆனது. எட்டரையில் 35 விழுக்காடு 2.975. மூன்றுக்கு இம்மி குறைவு. கணக்கில் அது இரண்டுதான். கல்லாவில் ஒருவர் வாரம் இரண்டு நாள் குறைத்துக்கொண்டதால் அடுப்படியில் ஒருவருடைய பர்மிட்டுக்கு இடமில்லாமல் போகிறது. ஜனவரியில் யாருடைய பர்மிட் புதுப்பிக்க வருகிறது என்று பார்த்தேன். பரோட்டா மாஸ்டர்! எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது.

நான்கு மாதம் கையில் இருந்ததால் பதறவில்லை. ஆன்டி விட்ட நாட்களுக்கும் சனி ஞாயிறு மாலைக்கும் சேர்த்து, பக்கத்துப் புளோக்கில் இருக்கும் ஒரு அக்காவைப் பகுதிநேரமாகச் சேர்த்தேன், மாதம் 900 வெள்ளி. அவர் அரை, ஆன்டி அரை, சேர்ந்து ஒன்று. இந்த எண்ணிக்கையை மத்திய சேமநிதிக் கணக்கைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கையில் கொடுக்கிற காசுக்கு அங்கே மதிப்பில்லை. அதனால் ஆளைச் சேர்ப்பதையும் டிசம்பர் கடைசியில் செய்து பயனில்லை, சில மாதச் சந்தா போயிருக்க வேண்டும். சந்தா என்றதும் இன்னொன்று: தீபாவளி போனஸுக்கும் சேமநிதி கட்ட வேண்டும். போனஸ் கணக்கைத் தனியாக எழுதி வைத்தால், மார்ச் 1க்குள் ஊழியர் வருமான விவரத்தை வரி ஆணையத்துக்கு அனுப்பும்போது தேட வேண்டியதில்லை. நாம் தங்க இடம் கொடுத்திருந்தால் அதையும் அந்த விவரத்தில் காட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நிறுவன வருமான வரிப் படிவத்துக்குக் கெடு நவம்பர் 30. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருக்கும், கடையில் தீபாவளிக் களைப்பு இருக்கும். அதைத் தம்பியிடம் புரட்டாசியிலேயே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கணக்குக்காரர்களுக்கும் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட நேரம். நவம்பர் கடைசி வாரத்தில் கூப்பிட்டால் போனை எடுப்பதே நமக்குச் செய்கிற உபகாரம்.

2026 ஜனவரி 19 முதல் உணவு அமைப்பின் ‘சேஃப்’ என்ற புதிய முறை வந்திருக்கிறது. பழைய ஆண்டுத் தர எழுத்து போய், கடையின் நடத்தையைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்து எழுத்துக் கொடுக்கிறார்கள். உரிமமும் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு என்று அதைப் பொறுத்து நீள்கிறது. சோதனை நாளில் பளபளவென்று துடைத்துக் காட்டுகிற வித்தைக்கு இனிக் கூலி குறைவு. எண்ணெய்க் கறை பட்ட என் வெப்பநிலைத் தாளுக்கு மவுசு கூடும் என்று நம்புகிறேன்.

தேதிகளை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறாய் என்று கேட்பார்கள். கைப்பேசியில் போட்டால் மணி அடிக்கும், அரிசி வடிக்கிற நேரத்தில் அணைத்துவிடுவேன், அதோடு சரி. எங்கள் கடையில் நகைக்கடைக்காரர் கொடுக்கும் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று சாமி படத்துக்குக் கீழே தொங்குகிறது. டிசம்பரில் புதுக் காலண்டர் வந்ததும் உட்கார்ந்து, வேண்டிய தாள்களில் எல்லாம் சிவப்புப் பேனாவில் எழுதிவிடுவேன். ஜனவரி 30, மார்ச் 1, செப்டம்பர் 17க்கு ‘புரட்டாசி 1, ஃபைல்’. காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் முந்தின நாள் தாளைக் கிழித்து, புதுத் தாளில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நல்ல நேரம், ராகு காலம், அப்புறம் என் சிவப்பு எழுத்து.

போன மாதம் மாஸ்டர் கிழித்துவிட்டு, காலண்டரையே ஆணியிலிருந்து எடுத்துப் பின்னால் திருப்பினார். அட்டையில் அவர் கையெழுத்தில் ‘2033 டிசம்பர், வகுப்பு’ என்று இருந்தது.

“அது வரைக்கும் இந்த அட்டை இருக்குமா மாஸ்டர்?”

“வருஷா வருஷம் புதுசுல எழுதுறேன்க்கா. ஆனா அதுக்குள்ள நான் குளுவாங்ல சொந்தக் கடை போட்டிருப்பேன்.”

“அங்கேயும் வகுப்பு கேப்பாங்களே.”

“வகுப்பு மட்டுமா? அங்க டைபாய்டு ஊசியும் போட்டுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே மாவைப் பிசையப் போய்விட்டார்.